ஞாயிறு ஒரு மணி வரை

வையம்பட்டி
23.1.1961

ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் என் சரித்திரத்தைப் படிக்கும் அம்மா அவர்களுக்கு,

உங்கள் பெயர் ரங்கநாயகி என்று நிகழ்ச்சி முடிவில் சொன்னார்கள். அதை வைத்து நிலையத்து விலாசத்துக்கு இதைப் போடுகிறேன். நான் யாரென்று கடைசியில் என் கையால் கிறுக்கியிருக்கிறேன். எனக்குக் கண் தெரியாது. எழுதுவது என் சம்சாரம் வேலம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் பேசுவதைப் புத்தகத் தமிழாக்கி எழுதுவதில் அவளுக்கு ஒரு பெருமை. ஆனால் என் பேரை மட்டும் எழுத மாட்டாள், வாயாலும் சொல்ல மாட்டாள். அந்த இடம் வந்தால் பேனாவை என் கையில் திணித்துவிடுவாள்.

யுத்த காலத்தில் மலாய்த் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் எங்களை அள்ளிக்கொண்டுபோய் சயாமில் ரயில் பாதை போட வைத்த கதையை நான் சொல்லச் சொல்ல, எங்கள் ஊர் வாத்தியார் அடைக்கலராஜ் எழுதி அச்சுப் போட்டார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே இப்போதுதான் உங்கள் வாயால் தெரிகிறது. பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவுக்குக் கீழே எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஊரே உட்கார்ந்து கேட்கிறது.

முதல் வாரம் குறை இல்லை. நேற்று இரண்டாவது வாரம், அதில் ஒரு பக்கம் பறந்துவிட்டது. ‘அங்கே பல கொடுமைகள் நடந்தன’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிவிட்டீர்கள். கொடுமை என்றால் என்ன அம்மா? மாமியார் கொடுமையும் கொடுமைதான்.

நடந்தது இது. சாயந்திர எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்தான். ஓடிப்போனவனுக்குப் பதிலாக எங்களை இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிறுத்தினார்கள். எதிரில் நிற்பவனைக் கன்னத்தில் அறைய வேண்டும். மெல்ல அறைந்தவன் முழங்காலில் மூங்கில் விழும். எனக்கு எதிரே நின்றது மூக்கன் மச்சான், வேலம்மாளின் அண்ணன். “நல்லா அடிங்க மாப்ளே, இல்லாட்டி ரெண்டு பேரையும் கொன்னுடுவானுங்க” என்றார். இருட்டும் வரை அடித்துக்கொண்டோம். அவர் இடது காதிலிருந்து ரத்தம் இறங்கி நெஞ்சுக்கு வந்தது. அன்றோடு அந்தக் காது போனது. போக்கியது என் கை.

இதை எழுதும்போது வேலம்மாள் இரண்டு தடவை நிறுத்தினாள். ஆனாலும் எழுதிவிட்டாள். அண்ணனைப் பறிகொடுத்தவளுக்கு எழுத முடிகிறது, உங்களுக்குப் படிக்க முடியவில்லையா?

இப்படிக்கு,
பெரியண்ணன்


ஸ்ரீ:
கீழ உத்திர வீதி, ஸ்ரீரங்கம்
27.1.1961

ஸ்ரீமான் பெரியண்ணன் அவர்களுக்கு,

க்ஷேமம். தங்கள் கடிதத்தை நிலையத்தில் என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தை விட்டது நான்தான். வேறு யாரும் வெட்டச் சொல்லவில்லை.

என் வேலை இப்படி: வாரா வாரம் வெள்ளிக்கிழமை பதிவு. அந்த வாரத்துப் பகுதியை மட்டும் தட்டச்சு செய்து பதிவு நேரத்தில்தான் தருவார்கள். புத்தகத்தை வாங்கி முன்கூட்டிப் படிப்பது என் வழக்கம் இல்லை. அடுத்து என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டால் அது குரலில் தெரிந்துவிடும், கேட்கிறவர்களுக்கு உப்புச் சப்பில்லாமல் போய்விடும். ஆகவே நீங்கள் அறைந்துகொண்ட இடத்துக்கு நான் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்து நின்றேன். வாய் வரவில்லை. ஒரு வரியைச் சொந்தமாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தப்பு என்னுடையது.

இன்றைய பதிவில் அந்தப் பக்கத்தையே முதலில் படித்தேன். இந்த ஞாயிறு கேளுங்கள். இனி ஒரு வரியும் விட மாட்டேன், பெருமாள் ஆணை.

வேலம்மாளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். பெயர் சொல்லாத வழக்கம் எங்கள் அகத்திலும் உண்டு. எங்காத்துக்காரர் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போய் இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. யுத்தத்துக்கு அப்புறம் கடுதாசி இல்லை. அவர் பெயரை நான் இதுவரை சொன்னதில்லை. கோயில் உற்சவருக்கும் அதே பெயர் உண்டு என்பதால், பெருமாளையும் நம்பெருமாள் என்று மட்டுமே சொல்வேன். உங்கள் சரித்திரத்தைப் படிக்கக் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டதற்கு அதுவும் காரணம். மலாயா என்ற சொல் வரும் இடங்களில் எனக்கு ஒரு நப்பாசை.

இப்படிக்கு,
ரங்கநாயகி


வையம்பட்டி
6.2.1961

அம்மா அவர்களுக்கு,

போன வாரம் நாங்கள் அறைந்துகொண்ட பக்கத்தைப் படித்தீர்கள். நடுவில் திண்டுக்கல் ரயில் குறுக்கே போனது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஒவ்வொரு தண்டவாளக் கட்டைக்கும் ஒரு பிணம் என்று எண்ணத் தொடங்கிவிடுவேன்.

நேற்று நான்காவது வாரத்தில் கிராணி வந்துவிட்டான். வேலம்மாள் மண்ணை வாரி ரேடியோவைப் பார்த்தே தூற்றினாள். பஞ்சாயத்துத் தலைவர் ரேடியோ ஊர்ச் சொத்து என்று சத்தம் போட்டார்.

தோட்டத்துக் குமாஸ்தாவை அங்கே கிராணி என்போம். எங்களோடு அவனையும் சயாமுக்கு ஓட்டிவந்து, முகாமில் பேர் எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். திருச்சிப் பக்கத்து ஆள், நாமம் போட்டவன். கண்ணாடிக்குக் காம்பு ஒடிந்து நூல் கட்டியிருக்கும். நீங்களே படித்தீர்கள், மைப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவான், நாக்கு எப்போதும் ஊதாவாக இருக்கும். அந்த நாக்கால் எண்பத்து நான்கு பேரை எழுதினான். வியாதிக்காரர்களுக்கு ஆற்றுக்கு மேலே ஆஸ்பத்திரி முகாம் என்று சொல்லி, தன் இஷ்டத்துக்குப் பொறுக்கி எழுதினான். அதில் ஒன்று மூக்கன் மச்சான்.

மேலே ஆஸ்பத்திரி இல்லை. இரண்டு கொட்டகை இருந்தது. காலரா வந்தவர்களை ஒரு கொட்டகையில் அடைத்தார்கள். நிறைந்ததும் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார்கள். கை கால் அசைகிறவர்கள் உள்ளே இருந்தார்கள். தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தவர்களை மூங்கிலால் திரும்பத் தள்ளினார்கள். எண்பத்து நான்கு பேரில் தப்பி வந்தவன் காத்தான் ஒருத்தன். அவன் கை இரண்டும் வெந்து தோல் தொங்கியது. அவன்தான் சொன்னான், மச்சானைக் கொட்டகைக்குள் கூப்பிட்டேன், அந்தப் பக்கத்துக் காது கேட்கவில்லை, திரும்பவில்லை என்று.

கடைசி வாரத்தில் கிராணியின் சாவு வரும். நாங்கள் கொடுத்த அடி அதில் இருக்கிறது. அதை நன்றாகப் படியுங்கள் அம்மா. வேலம்மாள் அந்த ஒரு நாளுக்காகத்தான் வாரா வாரம் வந்து உட்காருகிறாள்.

இப்படிக்கு,
பெரியண்ணன்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
10.2.1961

பெரியண்ணன் அவர்களுக்கு,

நான்காவது வாரப் பகுதியை நான் பதிவு செய்தது மூன்றாம் தேதி. ஊதா நாக்கு என்ற வரியைப் படித்துவிட்டு மேலே நான்கு பக்கம் எப்படிப் படித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆகையால் ஒழுங்காகத்தான் படித்திருப்பேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் அவரைத் திட்டாத நாள் இல்லை. பென்சிலை நக்கி எழுதினால் எழுதுவதெல்லாம் எச்சில், அந்தக் கையோடு பூஜை நடக்கிற பெருமாள் உள்ளுக்கு வராதே என்பார். அவர் சிரித்துக்கொண்டே வாயைக் கொப்புளித்துவிட்டு வருவார். கொப்புளித்த தண்ணீர் முற்றத்தில் ஊதாவாக ஓடும். அதை நான்தான் அலம்பிவிடுவேன்.

ஆனாலும் பென்சிலை நக்குகிறவர் உலகத்தில் ஒருவர்தானா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு வழக்கத்தை உடைத்துப் புத்தகத்தை வாங்கினேன். கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே அந்தப் பெயர் இருக்கிறது. ஊரும் இருக்கிறது. அவர்தான்.

பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாவிட்டால் பலாச இலையில் உருவம் செய்து தகனம் பண்ணிவிடலாம் என்று சாஸ்திரம் சொல்கிறது. என் மைத்துனர் நான்கு வருஷமாகக் கேட்கிறார். நான் சம்மதிக்கவில்லை. இலையை எரித்துவிட்டு மறுநாள் அவர் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். குங்குமத்தோடு நிலையத்துக்குப் போய், குங்குமத்தோடு அவர் சாவைப் படிக்கப் போகிறேன்.

இரண்டு கேள்வி கேட்கிறேன். மறைக்காமல் சொல்லுங்கள்.

அவர் போனது எந்த நாள்? திதி இல்லாமல் அவருக்கு ஒரு பிடி எள் இறைக்க முடியாது. ஆகஸ்ட் மாதம் என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது.

கூட்டம் அடித்தது என்று போட்டிருக்கிறது. கூட்டத்துக்குக் கை இல்லை. அந்தக் கைகளில் உங்களுடையது இருந்ததா?

ரங்கநாயகி


வையம்பட்டி
16.2.1961

அம்மா,

இது என் கை. வரி கோணும், எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பலகை விளிம்பை வைத்துத் தடவித் தடவி எழுதுகிறேன். வேலம்மாள் கடலை ஆயப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடித்துப் பெட்டியில் போட வேண்டும்.

உங்கள் கடிதத்தை அவள்தான் எனக்குப் படித்தாள். பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்தினாள். “அவன் பண்ணுன பாவத்துக்கு அந்த அம்மா என்னங்க பண்ணும்” என்றாள்.

என் கை இருந்தது. முதல் அடி என்னுடையது.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. அதை வாத்தியாரிடம் சொல்லவில்லை. வேலம்மாளிடமும் சொல்லவில்லை.

மணவாளன் ஐயா தன் இஷ்டத்துக்கு ஆள் பொறுக்கவில்லை. வியாதிக்காரர்களை எழுது என்று ஜப்பான்காரன் சொன்னான். ஆஸ்பத்திரி, அரிசிச் சோறு, வேலை கிடையாது என்றான். நாங்கள் நம்பினோம், ஐயா நம்பவில்லை. எழுதாமல் இழுத்தடித்து இரண்டு தடவை உதை வாங்கினார். நாங்கள்தான் அவர் குடிசை வாசலில் போய் நின்றோம், என்னை எழுதுங்கள், என் தம்பியை எழுதுங்கள் என்று. மச்சானுக்குக் காலில் புண். எலும்பு தெரிந்தது. அந்தக் காலோடு பாறை உடைக்கப் போய், தினமும் அந்தப் புண்மேலேயே அடி வாங்கினார். நான் மூன்று நாள் ஐயாவிடம் போனேன். மூன்றாம் நாள் காலைப் பிடித்தேன்.

“வேண்டாம்ப்பா. அங்க போனவா யாரும் திரும்பி வரலை” என்றார்.

உங்களுக்கு வேண்டியவர்களைத்தான் எழுதுவீர்களா என்று கத்தினேன். அவர் பென்சிலை நாக்கில் வைத்தார். மூக்கன் என்று எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது கண் இருந்தது.

ஜப்பான் தோற்றது என்று செய்தி வந்த வாரம் காவல்காரர்கள் ஓடிவிட்டார்கள். காத்தான் வெந்த கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினான். ஐயாவைக் குடிசையிலிருந்து தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். என் கையில் மண்வெட்டிக் காம்பு. அவர் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்தில் நின்றார்.

“பெரியண்ணா, நீதானே” என்று தொடங்கினார்.

வாயில் அடித்தேன். பல் தெறித்தது. மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி அடித்தேன். தாடை தொங்கிவிட்டது. அதற்குமேல் பேச அவருக்கு வாய் இல்லை. அப்புறம்தான் மற்றவர்கள் மண்வெட்டியும் கல்லுமாக விழுந்தார்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அடித்தேன்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கண் போனவனுக்குக் காது மட்டும்தான் மிச்சம்.

நீங்கள் கேட்ட நாள். ஆவணிப் பௌர்ணமியன்று ஐயா கோணிச் சணலைப் பிரித்து முறுக்கிப் புதுப் பூணூல் போட்டுக்கொண்டார். அதிலிருந்து மூன்றாம் நாள். பூணூல் அழுக்காகவில்லை.

பதில் எழுதாதீர்கள். வந்தால் படிப்பவள் வேலம்மாள்.

பெரியண்ணன்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
21.2.1961

பெரியண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கையால் எழுதிய கடிதம் வந்தது. பதில் வேண்டாம் என்றீர்கள். வேலம்மாள்தான் இதைப் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகையால் அது இதில் இருக்காது.

ஆவணி, கிருஷ்ண பக்ஷம், த்விதியை. மைத்துனர் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்துச் சரி என்றார். இதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துக் காவேரியில் போட்டேன். முதலாவதில் உங்களைச் சபித்திருந்தேன். இரண்டாவதில் என்ன எழுதினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் என் எதிரில் இருந்திருந்தால் அம்மிக் குழவியால் உங்கள் வாயை நசுக்கியிருப்பேன் என்று எழுதியிருந்தேன். எறும்புப் புற்றை மிதிக்காமல் சுற்றிப் போகிறவள் நான். இப்படி ஒன்று எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் அந்த வாரம் எப்படி இருந்தீர்கள் என்பது அப்போது கொஞ்சம் புரிந்தது. புரிந்ததும் இன்னும் ஆத்திரம் வந்தது.

மார்ச் மூன்றாம் தேதி கடைசிப் பகுதியைப் பதிவு செய்கிறார்கள். ஐந்தாம் தேதி, ஞாயிறு ஒரு மணிக்கு ஒலிபரப்பு. பிரதியில் அவர் துரோகி என்று இருக்கிறது. அப்படியே படிக்க என்னால் முடியும். படிப்பது என் தொழில். அப்போது அவர் பெயரை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்வது, அவரைத் துரோகி என்று ஜில்லா முழுக்கச் சொல்வதற்காக இருக்கும். நீங்கள் ரேடியோவுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வேறு மாதிரி படிக்க வேண்டுமானால் நீங்கள் எனக்கு எழுதியதை இன்னொரு தடவை எழுதி அனுப்ப வேண்டும். உங்கள் கையால் அல்ல. உங்கள் கடிதங்களை எழுதுகிறவள் கையால். வேறு எந்தக் கையெழுத்தில் வந்தாலும் நான் படிக்க மாட்டேன்.

வேலம்மாள், இதை நீங்கள் அவருக்குப் படித்துக் காட்டும்போது உங்களுக்கு என்னென்னவோ சந்தேகம் வரும். என்னிடம் கேட்காதீர்கள்.

ரங்கநாயகி


வையம்பட்டி
27.2.1961

அம்மா அவர்களுக்கு,

ஐந்து நாள் இவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குமேல் வைத்துவிட்டாள். இன்றைக்கு நானே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். நான் என்ன சொன்னாலும் நிறுத்தாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதிவிட்டாள்.

கடைசிப் பக்கத்துக்குப் பதிலாகப் படிக்க வேண்டியது இது. வாத்தியாரும் சம்மதித்துத் தனியாகக் கடுதாசி போடுகிறார். போலீஸ் வந்தால் வரட்டும்.

‘கிராணி மணவாளன் துரோகி இல்லை. மேல் முகாமுக்கு யாரையும் எழுத மாட்டேன் என்று அவர் இரண்டு தடவை உதை வாங்கினார். நாங்கள்தான் அவரை நெருக்கினோம். என் மச்சான் மூக்கனின் பேரை எழுதச் சொல்லி நான் மூன்று நாள் நடந்தேன். காலைப் பிடித்தேன். அங்கே போனவர்கள் திரும்பவில்லை என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. மூக்கனைக் கொட்டகைக்கு அனுப்பியவன் நான். அந்த உண்மையைச் சொல்ல மணவாளன் வாயைத் திறந்தார். திறந்த வாயில் மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கொன்றவனும் நான்.’

இதற்குக் கீழே எழுதுவது வேலம்மாள்.

அம்மா, சொன்னபடி நிறுத்தாமல் எழுதினேன். கடைசி வரி முடிந்ததும் பேனாவை மூடி வைத்தேன். உலக்கையை எடுத்து வந்து அடித்தேன். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. மூன்றாவதைத் தலைக்கு ஓங்கினேன். இவருக்குக் கண் தெரியாதே தவிர உலக்கை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. நகரவில்லை. “போடு புள்ள” என்றார். போடவில்லை. போடவில்லையே என்று இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

பதினைந்து வருஷமாக உங்கள் வீட்டுக்காரரைச் சபித்திருக்கிறேன். அவர் பிள்ளை குட்டி விளங்கக்கூடாது என்று சொல்லி மாரியம்மன் வாசலில் மண் தூற்றியிருக்கிறேன். எங்கள் அண்ணனைப் போக வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தானாம். பக்கத்திலேயே படுத்துக் கிடந்த மனுஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, தடுத்த மனுஷனைத் தூற்றினேன். இதை எங்கே போய்ச் சொல்வேன்?

பிறகு வைத்தியர் வந்தார். தோள் எலும்பு முறிந்திருக்கிறது என்று பட்டை வைத்துக் கட்டினார். விழுந்துவிட்டேன் என்று இவர் சொன்னார். இல்லை, நான் அடித்தேன் என்று சொன்னேன். இந்த வீட்டில் இனி ஒரு பொய்யும் இருக்கக்கூடாது. சோறு நான்தான் ஊட்டுகிறேன். பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இதை ஒரு வரி விடாமல் படியுங்கள். எங்கள் அண்ணன் பேர், உங்கள் வீட்டுக்காரர் பேர் இரண்டையும் சொல்லுங்கள். நாற்காலியில் இவரை உட்கார வைத்து நான் பக்கத்தில் நிற்பேன். ஊர் காறித் துப்பினால் என்மேலும் படட்டும்.

கையெழுத்துப் போட இவர் கை எழும்பவில்லை. ஆகையால் நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பெரியண்ணன்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
4.3.1961, சனிக்கிழமை

வேலம்மாளுக்கு,

இது உங்கள் கையில் கிடைக்கும்போது ஞாயிறு முடிந்திருக்கும். நீங்கள் கேட்டிருப்பீர்கள். எப்படிப் படித்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

நிலையத்து அதிகாரி உங்கள் கடிதத்தையும் வாத்தியாருடைய கடிதத்தையும் பார்த்தார். பெயர்கள் இல்லாமல் படித்துவிடலாமே என்று தயவாகச் சொன்னார். இரண்டு பெயரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. சம்மதித்தார்.

உங்கள் அண்ணன் பெயர் தங்குதடை இல்லாமல் வந்தது. எங்காத்துக்காரர் பெயரையும் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்கிறவர் கையைத் தூக்கினார். அந்த ஒரு வார்த்தை மட்டும் காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இன்னும் கொஞ்சம் தெளிவாக என்றார். அவர்மேல் குற்றமில்லை, அது யார் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாவது தடவை மணவாளன் என்று கணீரென்று வந்தது. கல்யாணமானதிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த மூன்று தடவைதான்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். நீங்களும் அவசரப்பட்டு மன்னிக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் கெஞ்சியது ஒரு பெயருக்காக. எங்காத்துக்காரர் பென்சில் எழுதியது எண்பத்து நான்கு. அங்கே போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்தவர் கடைசி வரை மாட்டேன் என்று இருந்திருக்கலாம். யாருடைய கண்ணீருக்கோ இரங்கி எழுதிவிட்டார். அவருக்கு எள் இறைக்கும் நாளில் இதையும் நான் மறக்கப் போவதில்லை. நீங்கள் தூற்றிய மண்ணில் ஒரு பிடி அவருக்குச் சேர வேண்டியதுதான். பாக்கியைப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் நாளை கேட்கப் போவதில்லை. ஒரு மணிக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் இருப்பேன். மைத்துனரும் சாஸ்திரிகளும் பலாச இலையோடு வருகிறார்கள். இன்றைக்கே முடித்துவிடலாம், நேற்றே வாயால் சொல்லியாகிவிட்டதே என்று மைத்துனர் கேட்டார். சொன்னது நாடாவில் இருக்கிறது, இன்னும் யார் காதுக்கும் போகவில்லை, போகிறவரை அவர் இருக்கிறார் என்றேன். மைத்துனருக்கு என்மேல் கோபம். சாஸ்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று எனக்கும் தெரியாது.

இன்று காலை மஞ்சள் பூசிக் குளித்தேன். குங்குமம் இட்டுக்கொண்டேன். வாசலில் பூக்காரியைக் கூப்பிட்டு, வழக்கமாக ஒரு முழம் வாங்குகிறவள், இரண்டு முழம் வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டேன். என்ன விசேஷம் மாமி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இப்போது மணி பதினொன்று. இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருக்கிறது.

ரங்கநாயகி